ஆசிட் பாட்டிலும் ஈயச் சொம்பும்

எங்கள் வீட்டு வேலைக்கு வருபவரும் நானும் ஒருவரை ஒருவர் 'அக்கா' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். யார் மூத்தவர் என்று இதுவரை கேட்டுக்கொண்டதில்லை. 2022இல் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அவர் என்னைக் கூப்பிட்டபோது இருமலுக்கு நடுவே பாதி 'அக்' மட்டும்தான் வந்தது.

குளியலறைப் பக்கம் ஓடினேன். நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் போனால் ஒரு வாடை வருமே, அதே வாடை, ஆனால் மூக்கையும் தொண்டையையும் அறுத்துக்கொண்டு வந்தது. அக்கா சுவரைப் பிடித்தபடி நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, மூச்சு இழுக்கிறது. நானும் கணவரும் அவரைப் பால்கனிக்குக் கூட்டி வந்து உட்கார வைத்தோம். பத்து நிமிடத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. மருத்துவமனையில் ஆக்ஸிஜனும் நெபுலைசரும் வைத்து, சாயங்காலம் வரை படுக்க வைத்திருந்து அனுப்பினார்கள்.

நடந்தது இதுதான். பெங்களூரில் பெல்லந்தூருக்குப் பக்கத்தில் ஓர் அடுக்ககத்தில் இருக்கிறோம். போர்வெல் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் கலந்து வரும். குழாயிலும் டைல்ஸிலும் வெள்ளையாக உப்பு படிந்துவிடும். பூஜைக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். அக்கா ஆசிட் ஊற்றித் தேய்த்தார். கறை முழுதாகப் போகவில்லை. சரி, இதையும் போட்டுப் பார்ப்போம் என்று அந்த ஈரத்தின் மேலேயே ப்ளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டார்.

ப்ளீச்சிங் பவுடர் என்பது கால்சியம் ஹைப்போகுளோரைட். பாட்டிலில் வரும் திரவ ப்ளீச் சோடியம் ஹைப்போகுளோரைட். இரண்டில் எதன் மேல் ஆசிட் பட்டாலும் குளோரின் வாயு கிளம்பும். 1915இல், முதல் உலகப் போரில், பதுங்குகுழியில் இருந்தவர்கள் மேல் ஏவிவிட்ட அதே வாயு. காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது என்பதால் மேலே போகாமல் தரையை ஒட்டியே நிற்கும். குந்தி உட்கார்ந்து தரையைத் தேய்ப்பவரின் மூக்கு எந்த உயரத்தில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டையும் கடையில் வாங்கி வந்து வைத்தது நான். எதனுடனும் கலக்காதீர்கள் என்று பாட்டிலில் எறும்பு எழுத்தில் ஆங்கிலத்தில் போட்டிருந்தது. அக்காவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும், கன்னடம் கொஞ்சம். அன்று ராத்திரி டார்ச் அடித்து அதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

உங்கள் வீட்டில் இப்படி ஆனால் முதல் வேலை, ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டு வருவது. 'தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வருகிறேன்' என்று யாரும் மறுபடி உள்ளே போகக் கூடாது. என் கணவர் போகப் பார்த்தார், கையைப் பிடித்து நிறுத்தினேன். இருமலோ மூச்சிரைப்போ நிற்கவில்லையென்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அமோனியா உள்ள கண்ணாடித் துடைப்பானையும் ப்ளீச்சோடு சேர்க்கக் கூடாது, அதிலும் நச்சு வாயு வரும். வினிகர், எலுமிச்சை எல்லாம் இயற்கைதானே என்று அவற்றை ப்ளீச்சில் கலப்பவர்களும் இருக்கிறார்கள். அவையும் அமிலம்தான்.

பூஜை முடிந்ததும் சிங்குக்கு அடியில் இருந்ததையெல்லாம் எடுத்துத் தரையில் பரப்பினேன். பதினாலு பாட்டில். தரைக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, சமையல் மேடைக்கு ஒன்று, காற்றில் அடிக்க லாவெண்டர் மணத்தில் ஒன்று. கறுப்பு பினாயில், வெள்ளை பினாயில். கழிவறைக்கு நீலமாக ஒன்று, பச்சையாக ஒன்று. இரண்டின் பின்புறத்தையும் படித்தால் ஒரே ஹைட்ரோகுளோரிக் அமிலம். பீரோவுக்குள் அந்துருண்டை வேறு. அந்துருண்டை பெரும்பாலும் நாப்தலின். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பச்சைக் குழந்தைக்கு, அதில் வைத்து எடுத்த துணியைப் போர்த்தினாலே ரத்தச் சிவப்பணு உடைந்து மஞ்சள் காமாலை வரலாம். என் பையன் பிறந்தபோது பழைய பட்டுப் புடவையில்தான் சுற்றிக் கொண்டு வந்தோம். ஒன்றும் ஆகவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம், சாமர்த்தியம் இல்லை. அந்துருண்டை போன இடத்தில் இப்போது காய்ந்த வேப்பிலை. அதைவிட, மூன்று மாதத்துக்கு ஒருமுறை துணியை வெயிலில் போடுவதுதான் வேலை செய்கிறது.

அடுத்த மாற்றம் எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் தொடங்கியது. பெங்களூரில் எங்களுடையதைப் போன்ற பெரிய அடுக்ககங்களுக்குச் சொந்தமாகக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கும். எஸ்டிபி என்பார்கள். கார் நிறுத்தும் இடத்தைத் தாண்டி ஒரு கதவு, உள்ளே கடகடவென்று சத்தம். அவ்வளவுதான் அதைப் பற்றி எனக்குத் தெரிந்தது. தீபாவளி முடிந்த வாரம் அந்தப் பக்கமிருந்து நாற்றம் தாங்கவில்லை. குறை சொல்லத்தான் போனேன். அங்கே வேலை பார்ப்பவர் தமிழ்க்காரர், காவேரிப்பட்டணத்துக்காரர் என்று அன்றுதான் தெரிந்தது.

"பண்டிகை வந்தாலே எனக்கு பயமா இருக்குங்க மேடம்," என்றார். "எல்லா வீட்டுலயும் ஒரே நாள்ல ஆசிட்டும் பினாயிலும் ஊத்திடறாங்க. என் பூச்சியெல்லாம் செத்துப் போயிடுது."

பூச்சி என்று அவர் சொன்னது பாக்டீரியாவை. காற்று ஊதும் தொட்டியில் அவைதான் நம் வீட்டுக் கழிவைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கின்றன. ஒரு லிட்டர் கண்ணாடி உருளையில் தொட்டித் தண்ணீரை மொண்டு அலமாரி மேல் வைத்தார். அரை மணி நேரம் பொறுங்கள் என்றார். பூச்சி நன்றாக இருந்தால் பழுப்பு வண்டல் அடியில் உட்காரும், மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். எங்களுடையது உட்காரவே இல்லை. கலங்கலாக, சிறு துணுக்குகள் மிதந்தபடி அப்படியே நின்றது. தொட்டியைக் காட்டினார். மேலே சோப்பு நுரை ஒரு முழ உயரம்.

"இப்ப என்ன பண்ணுவீங்க அண்ணா?"

"சாணியும் வெல்லமும் கரைச்சு ஊத்தணும். புதுசா பூச்சி பெருகி வர ரெண்டு மூணு வாரம் ஆவும்."

அதுவரைக்கும் இந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டேன். ஒரு பகுதி எங்கள் கழிவறை ஃப்ளஷுக்கும் தோட்டத்துக்கும் திரும்பி மேலே வருகிறது. எனக்கு அதுவே புதுச் செய்தி. மிச்சம் கால்வாயில் போய் ஏரியில் சேர்கிறது. பெல்லந்தூர் ஏரி சுமார் 900 ஏக்கர், இந்த ஊரின் பெரிய ஏரி. 2015, 2017, 2018 என்று திரும்பத் திரும்பத் தீப்பிடித்த ஏரி. அதன் நுரை காற்றில் பறந்து சாலையில் வந்து விழுந்த படங்களை எல்லோரும் பார்த்திருப்போம். சுத்திகரிக்காத சாக்கடையோடு வரும் சலவைத்தூளின் நுரைப்பானும் பாஸ்பேட்டும் அதற்கு முக்கியக் காரணங்கள். பெல்லந்தூரிலிருந்து வர்த்தூர் ஏரி, அங்கிருந்து தட்சிண பினாகினி ஆறு. நம் பக்கம் அதன் பெயர் தென்பெண்ணை. ஓசூரை ஒட்டிய கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை வெள்ளையாக நுரை பொங்கிய செய்தி வரும்போதெல்லாம் 'அடப்பாவமே' என்று சொல்லிக் கடந்திருக்கிறேன்.

"நீங்க ஊத்தறது எங்க ஊருக்குத்தான் வருது மேடம்," என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். காவேரிப்பட்டணம் தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது.

இது இயற்கையா கெமிக்கலா என்று கேட்பதை அதற்கப்புறம் நான் விட்டுவிட்டேன். யார் கை படும், யார் மூக்குக்குப் போகும், கீழே எந்தத் தொட்டியில் விழும் என்று கேட்க ஆரம்பித்தேன். ஆனால் உடனே புத்தி வந்துவிடவில்லை. நடுவில் ஓர் ஆறு மாதம் ஆர்வக்கோளாறு.

பெங்களூரில் நிறையப் பேர் வீட்டில் பயோ என்சைம் என்ற துடைக்கும் திரவத்தைத் தாங்களே போடுகிறார்கள். வெல்லம் ஒரு பங்கு, எலுமிச்சை அல்லது ஆரஞ்சுத் தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, மூன்று மாதம் ஊற வேண்டும். முதல் மாதம் வாயு நிறைய வரும் என்பதால் தினமும் மூடியைத் திறந்து மூட வேண்டும். நானும் இரண்டு பாட்டில் போட்டுவிட்டு, பத்து நாள் ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் அலமாரிக் கதவு திறந்து கிடக்கிறது. பாட்டில் வெடித்து, அரிசி டப்பா மேலெல்லாம் பிசுபிசுவென்று புளித்த வெல்லம், அதைச் சுற்றி எறும்புத் திருவிழா. நல்லவேளை, கண்ணாடி பாட்டிலில் போடவில்லை. அடுத்த முறை ஒழுங்காக வந்ததை எடுத்துப் பூஜை மேடையைத் துடைத்தேன். பளிங்குக் கல் மங்கிவிட்டது. குழாயில் படியும் உப்பும் கால்சியம் கார்பனேட்தான், பளிங்கும் கால்சியம் கார்பனேட்தான். ஒன்றைக் கரைக்கும் புளிப்பு இன்னொன்றையும் கரைக்கும். இது எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த பாடம், பூஜை மேடை போன பிறகுதான் ஞாபகம் வந்தது. சாதாரணத் தரை துடைக்க இப்போதும் அந்தத் தண்ணீரை வைத்திருக்கிறேன். ஆனால் அது கிருமிநாசினி இல்லை, அப்படி நம்பி யாரும் ஏமாற வேண்டாம்.

வினிகரையும் ஆப்ப சோடாவையும் சேர்த்து ஊற்றினால் பொங்குவதைப் பார்க்க நன்றாக இருக்கும். பொங்கி முடிந்தபின் மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். ஒன்றை ஒன்று முறித்துவிடுகிறது. தனித்தனியாக இரண்டுக்கும் வேலை உண்டு. எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடா, உப்புக் கறைக்கு வினிகர் அல்லது எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம். எங்கள் குழாய்களுக்கு எலுமிச்சை உப்புதான் கடைசியில் கைகொடுத்தது. வெதுவெதுப்பான ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி, அதில் பழந்துணியை நனைத்துக் குழாயில் சுற்றி இருபது நிமிடம் விட்டுவிட்டுத் தேய்க்க வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ப்ளீச்சைப் பக்கத்தில் வைக்காதீர்கள். வருடக்கணக்கில் படிந்த கறை அதற்குப் போகாது. வாரம் ஒருமுறை செய்தால் புதிதாகப் படியாது.

துணிக்குப் பூந்திக்கொட்டை. கே.ஆர். மார்க்கெட் பக்கம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும், கன்னடத்தில் அண்ட்டுவாள காய் என்று கேட்க வேண்டும். கொட்டையை எடுத்துவிட்டுத் தோலை ராத்திரி ஊற வைத்து, காலையில் கசக்கி வடிகட்டினால் நுரைத்த தண்ணீர் வரும். கடினநீர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. சாதாரண சோப்பு நம் தண்ணீரில் இருக்கும் கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளைப் படலமாகிவிடும், நுரையே வராது. பூந்திக்கொட்டையில் உள்ள சபோனின் என்ற நுரைப்பொருள் அப்படிப் படலமாவதில்லை. ஆனால் மூன்று நாளுக்கு மேல் வெளியில் வைத்தால் அழுகி நாறும். வெள்ளைத் துணி மெல்ல மெல்லச் சாம்பல் நிறத்துக்குப் போனது. பையனின் சீருடையைப் பார்த்து ஆசிரியை ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. இன்னொன்று, அந்தக் காலத்தில் பூந்திக்கொட்டையைக் குளத்தில் கரைத்து மீன்களை மயங்க வைத்துப் பிடித்திருக்கிறார்கள். இயற்கை என்பதற்காக எதுவும் சாது ஆகிவிடாது.

கடைசியில் வந்து நின்ற இடம் இது. பட்டும் வண்ணத் துணியும் பூந்திக்கொட்டையில். மற்றதெல்லாம் பாஸ்பேட் இல்லாத சலவைத்தூளில், பாக்கெட்டில் போட்ட அளவில் பாதி, கூடவே ஒரு கரண்டி சலவை சோடா. சோடா தண்ணீரின் கடினத்தைக் குறைப்பதால் பாதித் தூளே போதுமாகிறது. பாத்திரத்துக்குப் பூந்திக்கொட்டை என்று நான் ஆரம்பித்தபோது அக்கா மறுத்துவிட்டார். "ஒரு பாத்திரத்துக்கு மூணு தடவை தேய்க்கணும். உங்க ஏரிக்கு நல்லது, என் தோளுக்கு?" நியாயமான கேள்வி. சோப்புக் கட்டியே இருக்கட்டும் என்றேன். கையுறை அவர் அளவுக்குப் பார்த்து வாங்கினேன். முதலில் வாங்கியது என் அளவு, அவருக்கு நுழையவில்லை.

கொசு விஷயத்தில் மட்டும் நான் எந்தப் பக்கமும் தீவிரவாதி இல்லை. 2024இல் கர்நாடக அரசு டெங்குவைத் தொற்றுநோயாகவே அறிவித்தது. ஆனால் கொசுவத்திச் சுருளை அடியோடு நிறுத்திவிட்டேன். 2003இல் வெளியான ஓர் ஆய்வில் சீனா, மலேசியாச் சுருள்களை எரித்துப் பார்த்தார்கள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகள் விடுகிறதாம். பையனுக்கு இழுப்பு இருக்கும் வீடு இது. கற்பூரம், சாம்பிராணி, வேப்பெண்ணெய் விளக்கு என்று மாற்று சொல்கிறார்கள். புகை புகைதான். கற்பூரத்தைக் குழந்தை எடுத்து வாயில் போட்டால் வலிப்பே வரும், எட்டாத இடத்தில் வையுங்கள். எங்கள் காசு ஜன்னல் வலைக்குப் போனது. அப்புறம் தண்ணீர். 2024 கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்து வீட்டுக்கு வீடு டிரம் வாங்கி வைத்தோம் அல்லவா, மழை வந்த பிறகும் அவை அப்படியே நின்றன. டெங்குக் கொசு சாக்கடையில் இல்லை, இந்த மாதிரி நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஏழு முதல் பத்து நாளில் பறக்கும். ஞாயிற்றுக்கிழமைதோறும் டிரம், பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு எல்லாவற்றையும் கவிழ்ப்பது பையனின் பொறுப்பு. தொழிலாகவே செய்கிறான்.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது என் அத்தை, அதாவது மாமியார், கும்பகோணத்திலிருந்து வந்தார். நான் நான்-ஸ்டிக் சட்டியையெல்லாம் ஒழித்துக்கட்டியதில் அவருக்குப் பரம சந்தோஷம். அதை வெறுமனே அடுப்பில் வைத்து மறந்துவிட்டால் பூச்சு சிதைந்து நச்சுப் புகை வரும், கூண்டுப் பறவைகள் அதில் செத்துப் போகும். "நான் அன்னிக்கே சொன்னேன், நம்ம பழைய பாத்திரத்துக்கு ஈடே கிடையாது" என்று இரண்டு ஈயச் சொம்பைப் பையிலிருந்து எடுத்து வைத்தார். ஒன்று அவர் கல்யாணத்துக்கு வந்தது, தேய்ந்து உருவம் மாறியிருந்தது. இன்னொன்று எங்களுக்காகப் புதிதாக வாங்கியது. ஈயச் சொம்பு ரசத்தின் மணத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

தமிழில் 'ஈயம்' என்ற சொல்லே கொஞ்சம் வில்லங்கமானது. ரசச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது, அதில் கெடுதல் இல்லை. காரீயம் வேறு உலோகம். மலிவு, சேர்த்து உருக்கினால் பார்வைக்குத் தெரியாது. புளியும் தக்காளியும் கொதிக்கும் ரசத்தில் அது கரைந்து இறங்கும். குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் உலோகம். ரத்தத்தில் இவ்வளவு வரை இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டுப் பெயின்டில் காரீயம் 90 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்று நம் நாட்டில் 2017 நவம்பரிலிருந்து விதி இருக்கிறது. எங்கள் அடுக்ககம் அதற்கப்புறம் கட்டியது என்று நிம்மதியாக இருந்தேன். சொம்பு என் நினைவிலேயே இல்லை.

அத்தையிடம் எப்படிச் சொல்வது? ஒரு வாரம் ரசத்தை எவர்சில்வரில் வைத்துச் சமாளித்தேன். அப்புறம் கணவர்தான் சொன்னார், அவருடைய நண்பர் வேலை பார்க்கும் இடத்தில் உலோகத்தை அறுக்காமல், சுரண்டாமல் எக்ஸ்ரே மாதிரி பார்த்துச் சொல்லும் இயந்திரம் இருக்கிறதென்று. எக்ஸ்ஆர்எஃப் என்று பெயர். இரண்டு சொம்பையும் துணிப்பையில் போட்டுக் கொண்டுபோனார். பழையது ஏறக்குறைய சுத்த வெள்ளீயம். புதியதில் காரீயம் தாராளமாக இருந்தது.

அத்தை ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பேரனுக்கு அந்தச் சொம்பில் எத்தனை நாள் ரசம் வைத்தோம் என்று விரல் விட்டு எண்ணினார். ஐந்து நாள். பையனுக்கு ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தோம். கவலைப்பட ஒன்றும் இல்லை என்று வந்த பிறகுதான் அத்தை சரியாகச் சாப்பிட்டார். புதுச் சொம்பைப் பழைய இரும்புக்காரரிடம் போடலாம் என்றேன். "அவன் இன்னொருத்தருக்கு உருக்கிக் குடுப்பான்" என்று மறுத்துவிட்டார். அதுவும் சரிதான். இப்போது அது பால்கனியில் ஒரு டப்பாவுக்குள் இருக்கிறது. மின்னணுக் கழிவு சேகரிக்கும் நாளில் கொடுக்க முடியுமா என்று கேட்டு வைத்திருக்கிறோம். பழைய சொம்பில் ரசம் நடக்கிறது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும் என்பதால் உள்ளே தண்ணீர் இல்லாமல் அதை அடுப்பில் ஏற்றுவதில்லை. அத்தைக்கு டிகிரியெல்லாம் தெரியாமலேயே இது தெரிந்திருந்தது.

பதினாலு பாட்டில் இருந்த இடத்தில் இன்று நான்கு. அதில் ஒன்று ப்ளீச். யாருக்காவது வாந்தி, பேதி வந்தால் அதுதான் வேண்டும். முதலில் சோப்புத் தண்ணீரில் துடைத்து, அலசிவிட்டு, அப்புறம் நீர்த்த ப்ளீச், கதவு ஜன்னலெல்லாம் திறந்து வைத்து. பாட்டில் மேல் பட்டையாக டேப் ஒட்டி, 'வேறு எதனுடனும் சேர்க்காதே' என்று தமிழில் பெரிதாக எழுதியிருக்கிறேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு, அடுத்த வீட்டுக்கும் ஒன்று எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். அங்கே வேலை பார்க்கும் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, கன்னடம்தான். அதனால் அடியில் கன்னடத்திலும் எழுத வேண்டியிருந்தது. என் கன்னட எழுத்தைப் பார்த்து அந்தப் பெண் சிரித்ததாகக் கேள்வி.

இந்த ஆயுத பூஜைக்கு அத்தை மறுபடி வந்திருந்தார். குளியலறையிலிருந்து வெளியே வந்தவர், "அந்த மூலையில டைல்ஸ் வெள்ளையா பூத்துக் கெடக்கே, தேய்க்கக் கூடாதா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "அது உப்பும்மா. அழுக்கு இல்ல. இருந்துட்டுப் போவட்டும்."